இராமாநுஜனின் பள்ளிப் பருவம்

கணிதம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகம் வாடும் மாணவர் எல்லாக் கல்லூரிகளிலும் உளர். எம் கல்லூரியிலும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கீழ்வகுப்புக்களிலே கூட்டலையும் பெருக்கலையும் விளையாட்டெனச் செய்து மகிழ்ந்த பிள்ளைகள், அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் முன்வந்து நின்றதும் ஒருவர்பின் ஒருவராய்ப் பின்வாங்குவதை ஆசிரியர்கள் ஆண்டுதோறும் கண்டு வருந்துவர். அத்தகைய மாணவரை ஊக்கும் நோக்கத்தோடு ஸ்ரீநிவாச இராமாநுஜனின் பெயரை மேடைகளிலே எடுத்துக்கூறும் வழக்கம் எம்மிடையே நெடுநாளாக உண்டு. ஆயின், அப்பெயர் அவர்களுக்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதை யாம் சிந்திப்பதில்லை. நாமக்கல்லில் எழுந்தருளிய நாமகிரித் தாயார் கனவிலே தோன்றிச் சூத்திரங்களை அருளினார் என்று கேட்கும் மாணவன், அவ்வருள் கிட்டாத தனக்குக் கணிதமும் கிட்டாது என்று முடிவுசெய்துகொண்டு வீடு செல்கின்றான்.

ஆதலால், இம்மலரிலே அப்பெரியாரின் வாழ்க்கையை எழுதப் புகுந்த யாம், இங்கிலாந்திலே அவர் பெற்ற புகழைச் சுருக்கி, கும்பகோணத்திலே அவர் பள்ளி மாணவராயிருந்த ஆறேழு ஆண்டுகளை விரித்துக்கூற எண்ணினோம். அவரைக் கணிதத்தோடு பிணித்தவை எவை, பின்னர்க் கல்லூரியிலே அவரைக் கைநழுவ விட்டவை எவை என்பன அங்கேதான் தெரியவருகின்றன.

இராமாநுஜன் 1887 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 22 ஆந் தேதி ஈரோட்டிலே தாய்வழிப் பாட்டன் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்திலே புடைவைக் கடையொன்றிற் கணக்கெழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலிலே பசனை பாடிச் சிறுபொருள் ஈட்டியவர். சாரங்கபாணி சந்நிதித் தெருவிலிருந்த அவர்களின் சிறுவீட்டில் வறுமை இருந்தது. கல்வியிலே மதிப்பும் இருந்தது.

இம்மாணவர் தொடக்கத்திலே பள்ளியை விரும்பியவர் அல்லர் என்பதை இளைஞர்கள் அறிதல் நன்று. சென்னையிலே பாட்டன் வீட்டிலிருந்து படித்த சிறிது காலத்திற் பள்ளிக்குச் செல்ல மறுத்து அடம்பிடித்தார். வீட்டார் வேறுவழி காணாது, அச்சுறுத்திப் பள்ளிக்கு அனுப்பும் பொருட்டுக் காவற்காரர் ஒருவரின் உதவியை நாடினர். மீண்டும் கும்பகோணம் சேர்ந்து காங்கேயன் ஆரம்பப் பள்ளியிலே படித்தபோது அந்நிலை மாறியது. 1897 ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஆரம்பப் பரீட்சையிலே தஞ்சாவூர் மாவட்டத்தில் முதலிடம் பெற்று, அடுத்த ஆண்டு டவுன் உயர்தரப் பள்ளியிலே கட்டணத்தின் பாதி தள்ளப்பெற்ற மாணவராகச் சேர்ந்தார்.

அப்பள்ளியிலே நடந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சி ஒன்று யாவரும் அறிந்ததே. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும் என்று ஆசிரியர் விளக்கினார். மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு ஒன்று. ஆயிரம் பழங்களை ஆயிரவருக்குப் பங்கிட்டாலும் ஒன்றே. அப்போது சிறுவன் இராமாநுஜன் எழுந்து, பழம் ஒன்றுமின்றி, பங்குபெறுவாரும் ஒருவருமின்றி இருப்பின் அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமோ என்று வினவினான். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது பற்றிய இவ்வினாவிலே நுண்கணிதத்தின் வாயில் இருக்கின்றது என்பதைக் கணிதம் பயின்றோர் அறிவர். இக்கதையைச் சொல்வோர் அனைவரும் சிறுவனின் கூர்மையையே வியப்பர். எமக்கோ வேறொன்று தோன்றுகின்றது. இடையிலே எழுந்து வினாவியமைக்காக அவன் பெஞ்சின்மேல் நிறுத்தப்பட்டதாகக் கதை கூறவில்லை. ஆசிரியரின் விதிக்கு அது பொருந்தாத இடத்தைச் சுட்டிக்காட்டிய மாணவன் அடுத்த நாளும் அதே வகுப்பிலே வினாவக் கூடியவனாய் இருந்தான். எத்தனை வகுப்புக்களில் இது நிகழக்கூடும் என்பதை ஆசிரியராயிருந்த எம்மவர் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார்களாக.

இரண்டாவது துணை வீட்டிலேயே வாய்த்தது. வருவாய் போதாமையால் அவ்வீட்டார் அரசினர் கல்லூரியிற் படித்த வெளியூர் மாணவர் இருவரைத் தங்கவைத்து உணவளித்து வந்தனர். அம்மாணவர் அறிந்த கணிதத்தை எல்லாம் இராமாநுஜன் பதினொரு வயதளவிலே கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னர் லோனி என்பார் எழுதிய திரிகோணகணித நூல், கல்லூரி மாணவர் ஒருவர் வாயிலாக அவர் கைக்கு வந்தது. பதின்மூன்று வயதிலே அதனை முற்றக் கற்றார். தம்மினும் நான்கைந்து ஆண்டு மூத்தோர் திண்ணையில் அமர்ந்து கணக்குச் செய்வதை அருகிருந்து காணும் சிறுவனுக்குக் கணிதம் பரீட்சைக்குரிய பாடமாகத் தோன்றுவதில்லை. பெரியவர்கள் செய்யும் தொழிலாக, தானும் செய்து பார்க்கவேண்டிய ஒன்றாகத் தோன்றுகின்றது. எம் விடுதிகளிலே மேல்வகுப்பு மாணவரும் கீழ்வகுப்பு மாணவரும் ஒரே விளக்கின்கீழ் இருந்து படித்த காலத்திலே இதனை யாமும் கண்டிருக்கின்றோம்.

இப்பருவத்திலே துயரமான செய்தியும் ஒன்று உண்டு. சைன், கோசைன் என்பவற்றைச் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களின் விகிதமாகவே பள்ளிகளிற் கற்பிப்பர். அவற்றை முடிவிலாத் தொடர்களாகவும் கொள்ளலாம் என்று கண்ட இராமாநுஜன், அவ்வழியே சென்று அடுக்குக்குறிக் கணியத்துக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பைத் தாமே கண்டுபிடித்தார். கண்ட மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒயிலர் என்னும் பேரறிஞர் 18 ஆம் நூற்றாண்டிலேயே அதனைக் கண்டுவிட்டார் என்று அறிந்ததும், எழுதிய தாள்களை வீட்டுக் கூரையிலே செருகி மறைத்துவிட்டார். பிறர் முன்னரே கண்டதைத் தாம் கண்டோமே என்ற நாணம் அவரை அங்ஙனம் செய்வித்தது. உலகம் போற்றும் கணிதப் புலவன் ஒருவன் சென்ற வழியிலே வழிகாட்டி இன்றி நீயும் சென்று சேர்ந்தாய் என்று அந்நாளில் ஒருவர் முதுகைத் தட்டிச் சொல்லியிருப்பின், அத்தாள்கள் கூரைக்குப் போயிரா. முன்பே தெரிந்த விடையைத் தன் முயற்சியாற் காணும் மாணவன் நேரத்தை வீணாக்குகின்றான் என்று எண்ணும் ஆசிரியர்கள் இன்றும் இருக்கின்றார்கள்.

இனி யாம் கூறப்போவது பலராலும் பொருட்படுத்தப்படாத செய்தி. எம் கருத்திலே மிகச் சிறந்தது. டவுன் உயர்தரப் பள்ளியிலே ஏறக்குறைய 1200 மாணவரும் 35 ஆசிரியரும் இருந்தனர். ஆண்டுதோறும் நேரசூசி தயாரிக்கும் பொறுப்பு மூத்த கணித ஆசிரியராகிய கணபதி சுப்பையரைச் சார்ந்தது. ஓர் ஆசிரியர் ஒரே வேளையில் இரு வகுப்புக்களில் இருத்தல் இயலாது. ஒரு வகுப்புக்கு ஒரே வேளையில் இருவர் செல்லுதலும் ஆகாது. இன்ன பாடத்தை இன்னாரே கற்பித்தல் வேண்டும். அவரவர்க்குரிய தேவைகளும் உண்டு. இவை யாவும் ஒருங்கே பொருந்தவேண்டும். நேரசூசி தயாரித்த அனுபவமுள்ள உப அதிபர்கள் இதன் தொல்லையை அறிவர். ஓரிடத்தைத் திருத்தினால் மூன்றிடத்திலே முடிச்சு விழும். இவ்வேலையைச் சுப்பையர் தம் மாணவனாகிய இராமாநுஜனிடம் ஒப்படைத்தார். மாணவனும் செய்து கொடுத்தான்.

யாம் படித்த காலத்தில், தவணைத் தொடக்கத்திலே நேரசூசி தயாராகும் நாட்களில் ஆசிரியர் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே நடப்பது மாணவர் அறியவொண்ணாத மந்திராலோசனை என்று யாம் நினைத்திருந்தோம். அக்கதவைத் திறந்து ஒரு மாணவனை உள்ளே அழைத்த சுப்பையர் செய்தது சிறுசெயல் அன்று. விடை பின்பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள கணக்குகளைச் செய்து செய்து சலித்த மாணவனுக்கு, விடை எவருக்கும் தெரியாத கணக்கொன்று, அதுவும் 1200 பேரின் அன்றாட நடப்பைத் தாங்கி நிற்கும் கணக்கு, கையிற் கொடுக்கப்பட்டது. பிழைத்தால் மறுநாட் காலையிலே ஒரு வகுப்பு ஆசிரியரின்றி நிற்கும். தன் கணிதம் பிறருக்குத் தேவைப்படுகின்றது என்று அறிந்த மாணவன் அதனை எளிதிற் கைவிடான்.

1903 ஆம் ஆண்டு, அவர்தம் பதினாறாவது வயதளவில், அரசினர் கல்லூரி நூல்நிலையத்திலிருந்து நண்பர் ஒருவர் மூலம் ஒரு நூல் கிடைத்தது. அதனை இயற்றிய ஜி. எஸ். கார் என்பார் பெருங்கணிதப் புலவர் அல்லர். இலண்டனிலே மாணவரைப் பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்த தனியாசிரியர். தூயகணிதத்தின் அடிப்படை முடிபுகளைச் சுருக்கித் தொகுத்தது அந்நூல். அதில் ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகள் வரிசையாக அமைந்திருந்தன. நிறுவல்கள் ஓரிரு வரிகளிற் சுட்டப்பட்டன, பலவற்றுக்கு அவையுமில்லை. மீட்டற் பயிற்சிக்கான அந்நூலை இக்காலத்து மாணவரிடம் கொடுத்தால், வரிசையாக மனனஞ்செய்வர். இராமாநுஜன் ஒவ்வொரு முடிபையும் பூட்டிய கதவாகக் கொண்டு, தாமே திறவுகோல் செய்தார். ஒன்றை நிறுவ முயன்றபோது வேறிரண்டு புதியன தோன்றின. அவற்றைக் குறிப்பேட்டில் எழுதலானார். பின்னாளில் உலகம் ஆராய்ந்த அவருடைய குறிப்பேடுகள் தோன்றிய வழி இது.

நிறுவல் இல்லாத நூல் நல்லதா, தீயதா என்று ஆசிரியர் மகாநாடொன்றிலே வினவினால் தீயது என்றே பெரும்பாலோர் கூறுவர். யாமும் அவர்களை முற்றும் மறுக்கவில்லை. நிறுவல் என்பது யாது என்பதை உரிய காலத்தில் இராமாநுஜன் முறைப்படி கற்காமைக்கு அந்நூலும் ஒரு காரணம். கடதாசி வாங்கப் பொருளில்லாமையாற் கற்பலகையிலே கணித்து, முழங்கையால் அழித்து, முடிபை மட்டும் ஏட்டிலே எழுதிய வழக்கம் மற்றொரு காரணம். ஆயினும், எல்லாவற்றையும் விளக்கி, படிதோறும் கைபிடித்து நடத்திச்செல்லும் நூல்கள் மாணவன் செய்வதற்கு ஒன்றையும் மிச்சம் வைப்பதில்லை. காரின் நூல் அவருக்கு நிறைய மிச்சம் வைத்தது.

1904 ஆம் ஆண்டு பள்ளிப் பரிசளிப்பு விழாவிலே கணிதத்துக்குரிய ரங்கநாதராவ் பரிசு இராமாநுஜனுக்கு வழங்கப்பட்டது. தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி ஐயர் அவரைச் சபையோர்க்கு அறிமுகஞ்செய்கையில், முழுப்புள்ளிக்கும் மேலே கொடுக்கத் தகுந்த மாணவர் என்று புகழ்ந்தார். புடைவைக் கடைக் குமாஸ்தாவின் மகன் ஊர் நடுவே நின்று அதனைக் கேட்டான்.

அவ்வாண்டே புலமைப்பரிசிலோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே காட்சி முற்றும் மாறுகின்றது. ஏனைய பாடங்களிலே கருத்துச் செலுத்தாமையால் ஆங்கிலக் கட்டுரையிலே தவறினார், புலமைப்பரிசில் போயிற்று. கட்டணம் செலுத்த வழியற்று, 1905 இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். 1906 இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்னும் கணிதப் பேராசிரியர் அவரைத் தம்மோடு இருத்திச் சஞ்சிகைகளில் வந்த கடினமான கணக்குக்களை இருவருமாகச் செய்து பார்த்தார். ஆயினும், உடற்றொழிலியலிலே இராமாநுஜனுக்கு அருவருப்பு மிகுதி, நோயும் குறுக்கிட்டது. 1906 இலும் 1907 இலும் எப். ஏ. பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியெய்தவில்லை. பட்டப்படிப்பின் கதவு மூடிற்று.

கல்லூரி ஆசிரியர்கள் கொடியவர்கள் என்று யாம் கூறவில்லை. அவர்களிற் சிலர் அவருடைய ஆற்றலை நன்கறிந்திருந்தனர். விதி அவர்கள் கையைக் கட்டியிருந்தது. இராமாநுஜன்மீதும் பிழையுண்டு, ஒரு பாடத்தின்மேல் உள்ள காதலால் ஏனையவற்றைத் தள்ளுவதை எம் மாணவருக்கு முன்மாதிரியாகக் காட்ட யாம் துணியோம். ஆனால் ஒன்று கூறலாம். பள்ளியிலே நேரசூசி செய்ய அழைக்கப்பட்டவர், கல்லூரியிலே சித்தியெய்தாதோர் பட்டியலில் ஒருவரானார். அவருடைய கணிதம் குறையவில்லை, பெருகிற்று. அதனைக் கேட்பார்தாம் குறைந்தனர்.

பின்வந்த இரண்டு மூன்று ஆண்டுகளிலே பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க முயன்றார். பி. ஏ. பரீட்சைக்கு ஆயத்தஞ்செய்த ஒருவர் நுண்கணிதம் கற்க வந்து, இரு வாரமளவிலே நின்றுவிட்டார். பாடத்திட்டத்தில் உள்ளதைக் கேட்டால் ஆசிரியர் முடிவிலியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். தம்மைக் கணிதத்தோடு பிணித்தது எதுவோ அதுவே பிறரையும் பிணிக்கும் என்று எண்ணினார் போலும். சிறந்த கணிதப் பட்டதாரிகள் வகுப்பறையிலே தோற்பதை யாமும் கண்டிருக்கின்றோம். காரணமும் பெரும்பாலும் இதுவே.

எஞ்சிய வரலாற்றைச் சுருக்கிக் கூறுவோம். 1909 இல் ஜானகி அம்மாளை மணந்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவிய வி. இராமசுவாமி ஐயரைத் திருக்கோவலூரிலே கண்டு, தம் குறிப்பேட்டைக் காட்டினார். அத்தொடர்பால் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபா அளித்து ஆதரித்தார். 1911 இல் அக்கழகத்தின் சஞ்சிகையிலே இராமாநுஜன் வெளியிட்ட வினாவொன்றை எம் மாணவரும் முயன்று பார்க்கலாம். ஒன்றோடு, இரண்டின் மடங்காக ஒரு வர்க்கமூலம். அதனுள்ளே ஒன்றோடு, மூன்றின் மடங்காக வேறொரு வர்க்கமூலம். அதனுள்ளே நான்கின் மடங்காக மற்றொன்று. இவ்வாறு முடிவின்றி உட்செல்லும் கோவை முழுவதன் வர்க்கமூலம் யாது? ஆறு மாதமாகியும் ஒருவரும் விடுக்கவில்லை. விடை மூன்று. மூன்றின் வர்க்கமாகிய ஒன்பதை ஒன்றும் எட்டுமாகவும், எட்டை இரண்டின் நான்கு மடங்காகவும், நான்கைப் பதினாறின் மூலமாகவும் எழுதிப் பார்ப்போர்க்கு வழி புலப்படும்.

1912 மார்ச்சிலே சென்னைத் துறைமுகப் பொறுப்பாண்மையில் மாதம் 30 ரூபாச் சம்பளத்திலே குமாஸ்தாவானார். 1913 ஜனவரி 16 ஆந் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன் பயனாகச் சென்னைச் சர்வகலாசாலை மாதம் 75 ரூபா உதவியது. 1914 மார்ச் 17 ஆந் தேதி கப்பலேறினார்.

இங்கே ஹார்டி அடைந்த இடர்ப்பாடு எம் பொருளுக்கு மிக நெருங்கியது. இருபத்தாறு வயதினராய் வந்த அம்மாணவர், நவீன கணிதத்திலே பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சிலவற்றையும் அறியாதிருந்தார். நிறுவல் என்பதன் இயல்பே அவருக்குத் தெளிவில்லை. அவரை அடியிலிருந்து முறைப்படி கற்பிக்க முயன்றால், அவருடைய தன்னம்பிக்கை சிதைந்து, சூத்திரங்கள் ஊறும் ஊற்றே தூர்ந்துவிடுமோ என்று ஹார்டி அஞ்சினார். கற்பியாது விடவும் இயலவில்லை. தவறான முடிபுகளை அவர் வாழ்நாள் முழுவதும் நம்பியிருக்க விடலாமோ? அவருடைய நண்பர் லிட்டில்வுட் கற்பிக்கப் புகுந்தபோது, ஒன்றைச் சொல்லத் தொடங்கியதும் மாணவரிடமிருந்து புதிய கருத்துக்கள் வெள்ளமெனப் பெருகி, தொடங்கிய பாடம் நடவாது போயிற்று. ஈற்றில் ஹார்டி, தனியே வகுப்பெடுக்காமல், இருவரும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சியினூடே வேண்டியதை வேண்டியபோது உணர்த்தினார். தாம் அவருக்குக் கற்பித்ததிலும் அவரிடம் தாம் கற்றது மிகுதி என்று பின்னர் எழுதினார்.

அக்கூட்டுறவின் பயன்களுள் ஒன்றை மட்டும் குறிப்போம். நான்கு என்னும் எண்ணை நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள் என ஐந்து வகையாகப் பகுத்தெழுதலாம். எண் பெருகப் பெருக வகைகளும் அளவின்றிப் பெருகும். 200 என்னும் எண்ணுக்கு 3,972,999,029,388 வகைகள் உள. எழுதி எண்ண முடியாத இத்தொகையை நெருங்கிக் கணிக்கும் சூத்திரத்தை இருவரும் 1918 இல் வெளியிட்டனர். எப். ஏ. பரீட்சையில் இருமுறை தவறியவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916 இல் ஆராய்ச்சிக்காகப் பி. ஏ. பட்டம் அளித்தது. 1918 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகவும், அவ்வாண்டு ஒக்டோபரிலே திரினிற்றிக் கல்லூரியின் அங்கத்தவராகவும் தெரிவுசெய்யப்பட்டார்.

அதற்குள் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. குளிரும், சைவ உணவு கிடையாமையும், யுத்தகாலத் தட்டுப்பாடும் உடலை வாட்டின. 1919 மார்ச்சிலே பம்பாயில் வந்து இறங்கியவர் மெலிந்து காணப்பட்டார். சென்னையிலும் கும்பகோணத்திலும் வைத்தியம் நடந்தது. 1920 ஜனவரியிலே ஹார்டிக்கு எழுதிய கடிதத்திற் புதுவகைச் சார்புகளைக் கண்டதாகத் தெரிவித்தார். படுக்கையிற் கிடந்தபடியே கணித்தார். எழுதி நிரம்பிய தாள்களை ஜானகி அம்மாள் எடுத்துப் பேணினார். ஏப்ரில் 26 ஆந் தேதி சேத்துப்பட்டிலே, முப்பத்திரண்டாவது வயதில் அவர் உயிர் பிரிந்தது. இறப்பதற்கு நான்கு நாட்கள் முன்வரையும் அவர் கணிப்பதை நிறுத்தவில்லை என்று ஜானகி அம்மாள் பின்னாளிற் கூறினார்.